முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எதிரான குற்றங்கள்: எந்தச் சட்டம், என்ன தண்டனை, எங்கே மனு

வயதான தாயைப் பட்டினி போடுகிறார்கள், மனவளர்ச்சி குன்றிய தம்பியை அடிக்கிறார்கள் என்று காவல் நிலையத்துக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில், "இது குடும்ப விவகாரம், பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பதே. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மனு எழுதுகிறவர் நடந்ததைப் பொதுவாக எழுதினால் காவலரின் பதிலும் பொதுவாகத்தான் இருக்கும். எந்தச் செயல், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் விழுகிறது என்பதை முதல் மனுவிலேயே சரியாகக் காட்டுவதுதான் இத்தகைய வழக்குகளில் பாதி வேலை. தமிழ்நாட்டில் இந்த வேலையை முதன்முறையாகச் செய்ய நேரும் உறவினர், பக்கத்து வீட்டார், புதிதாகக் களப்பணிக்கு வந்திருக்கும் தன்னார்வலர் ஆகியோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள்

உயிருக்கு ஆபத்து என்றால் சட்டப் பிரிவு தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 112 அல்லது 100-க்கு அழைத்துக் காவலரையும், 108-க்கு அழைத்து ஆம்புலன்ஸையும் வரவழையுங்கள். முதியோருக்கென்று 14567 என்ற உதவி எண் நாடு முழுவதும் செயல்படுகிறது; பெண்களுக்கு 181.

காயம் சிறிதாகத் தோன்றினாலும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது நல்லது. அங்கே அடிபட்டு வந்தவர்களுக்கு விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்வார்கள்; அந்தப் பதிவின் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்கிறார்கள். யார், எப்போது, எதனால் தாக்கினார் என்று நோயாளி சொல்வது அதில் எழுதப்படும். வீட்டார் உடன் இருக்கும்போது "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று முதியவர் சொல்லிவிட்டால், பின்னாளில் அந்த ஒரு வரியே எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் ஆயுதமாகிவிடும். எனவே மருத்துவர் கேட்கும்போது தாக்கியதாகச் சந்தேகிக்கப்படும் நபர் அந்த அறையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனுவில் செயலை எழுதுங்கள்

"என் தாயாரை அண்ணன் குடும்பத்தார் கொடுமைப்படுத்துகிறார்கள்; தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று எழுதிய மனுவில் காவல் நிலைய எழுத்தர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"என் தாயார் வயது 74. பக்கவாதத்தால் வலது கையும் காலும் மூன்று ஆண்டுகளாகச் செயலிழந்தவர். திங்கட்கிழமை இரவு சுமார் 8 மணி முதல் புதன்கிழமை காலை வரை அவரைப் பின்கட்டு அறையில் வைத்து வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். அந்த நேரம் முழுவதும் சாப்பாடு கொடுக்கவில்லை. அவர் பிடித்து நடக்கும் வாக்கரை எடுத்து மாடியில் வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டார் ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தார்கள்."

இந்தச் சில வரிகளில் மூன்று தனித்தனிக் குற்றச் செயல்கள் இருக்கின்றன. தாழ்ப்பாள் போட்டது, இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா எனப்படும் பி.என்.எஸ். சட்டத்தின் 127-ஆம் பிரிவில் வரும் சட்டவிரோத அடைத்துவைப்பு. உணவு மறுத்ததும், நடைக்கருவியைப் பயன்படுத்த விடாமல் செய்ததும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 92-ஆம் பிரிவில் வருபவை. சாட்சியும் அங்கேயே இருக்கிறார். கிழமையையும் நேரத்தையும் எழுதுவது அலங்காரத்துக்காக அல்ல. அடைத்துவைத்த காலம் நீள நீளத் தண்டனை கூடுகிறது. பொதுவாக ஓராண்டு வரை சிறை. மூன்று நாளோ அதற்கு மேலோ என்றால் மூன்றாண்டு வரை. பத்து நாளோ அதற்கு மேலோ என்றால் ஐந்தாண்டு வரை. நாள் கணக்கு இல்லாத மனு தானாகவே மிகக் குறைந்த தண்டனைக்குரிய பிரிவில் போய் விழும்.

பாதிக்கப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் யார்?

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் இடம் இது. முதுமைக்கு ஒரு சட்டமும் மாற்றுத்திறனுக்கு வேறொரு சட்டமும் இருக்கின்றன. இரண்டின் பலமும் ஒன்றல்ல.

60 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் எவரும் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன்படி மூத்த குடிமகன். பெற்றோர் என்றால் அந்த வயது வரம்பும் தேவையில்லை; பெற்றவர், தத்தெடுத்தவர், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை எல்லோரும் அடங்குவர். இந்தச் சட்டத்தின் நோக்கம் பெரும்பாலும் பராமரிப்புத் தொகையும் சொத்துப் பாதுகாப்பும்தான். அதில் உள்ள தனிக் குற்றம் 24-ஆம் பிரிவு மட்டுமே. முதியவரைப் பேணும் பொறுப்பில் உள்ளவர் அவரை முற்றிலும் கைவிடும் எண்ணத்தோடு ஓரிடத்தில் விட்டுச் சென்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். ஆனால் பிணையில் விடத்தக்க குற்றம். பெற்ற தாயைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போவதற்கு இவ்வளவுதானா என்று கேட்டால், இன்றைய சட்டப்படி இவ்வளவுதான். தண்டனையைக் கூட்டவும் பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பை நீக்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை. பி.என்.எஸ். சட்டத்திலும், பாதிக்கப்பட்டவர் முதியவர் என்பதற்காக மட்டும் தண்டனையைக் கூட்டும் பொதுப் பிரிவு கிடையாது. தண்டனை அளவை முடிவு செய்யும்போது நீதிபதி அதைக் கருத்தில் கொள்ளலாம், அவ்வளவே.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின் பலம் வேறு. அதன்கீழ் வரும் செயல்களுக்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்தாண்டு சிறையும் அபராதமும் உண்டு. ஐந்தாண்டு வரை தண்டனை என்பதால், பொதுவான நடைமுறை அட்டவணைப்படி பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, பிணையில் விட முடியாத வகையில் அது சேர்கிறது. அந்தப் பிரிவில் வருபவை: பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது அல்லது மிரட்டுவது, மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தும் எண்ணத்தோடோ மாற்றுத்திறனாளிப் பெண்ணின் மானத்துக்குக் களங்கம் விளைவிக்கும் எண்ணத்தோடோ தாக்குவது, தன் பொறுப்பில் அல்லது கட்டுப்பாட்டில் இருப்பவருக்குத் தெரிந்தே உணவோ நீரோ மறுப்பது, மாற்றுத்திறனுள்ள குழந்தையையோ பெண்ணையோ ஆட்டிப்படைக்கும் நிலையில் இருந்துகொண்டு பாலியல் ரீதியாகச் சுரண்டுவது, கை கால்களுக்கோ புலனுக்கோ துணைக்கருவிக்கோ கேடு செய்வது அல்லது அவற்றைப் பயன்படுத்த விடாமல் குறுக்கிடுவது, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றிக் கருவைக் கலைக்கும் மருத்துவச் செயலைச் செய்வது. கடைசியதற்கு மட்டும், கடுமையான மாற்றுத்திறன் இருந்து மருத்துவரின் கருத்தும் காப்பாளரின் ஒப்புதலும் பெறப்பட்ட நிலையில் விலக்கு உண்டு.

ஒரே வீட்டில் ஒரே செயல். உடல் நலமாக உள்ள எழுபது வயதுக்காரருக்குச் சோறு மறுத்தால் அதற்கென்று நேரடியான தனிப்பிரிவைக் காட்டுவது கடினம். அதே எழுபது வயதுக்காரர் பார்க்கின்சன் நோயாளி என்றால் ஐந்தாண்டு வரை சிறை. பார்க்கின்சன் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலுள்ள 21 வகைகளில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. பார்வைக் குறைவு, செவித்திறன் குறைவு, இயக்கக் குறைபாடு ஆகியவையும் இருக்கின்றன. மனநோய்க்கு அட்டவணை தரும் விளக்கத்தில் நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறும் இடம்பெறுவதால், மறதி நோய் முற்றிய முதியவருக்காகவும் இச்சட்டத்தை வலியுறுத்த முடியும். ஆகவே பாதிக்கப்பட்டவர் முதியவர் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு நீண்டகாலக் குறைபாடு ஏதேனும் உண்டா என்று பாருங்கள். என் கணிப்பில், முதியோர் தொடர்பான மனுக்களில் மிக அதிகமாக வீணாகும் வாய்ப்பு இதுதான்.

"40 சதவீதச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று நிலையத்தில் கேட்பார்கள். 40 சதவீத வரையறை இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கானது. 92-ஆம் பிரிவில் உள்ள சொல் மாற்றுத்திறனாளி என்பது மட்டுமே. அங்கே சதவீதம் எதுவும் சொல்லப்படவில்லை. இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஆனாலும் நீதிமன்றத்தில் மாற்றுத்திறனை மெய்ப்பிக்க ஆவணம் வேண்டும் என்பதால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாகச் சான்றிதழுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கும் உடனே விண்ணப்பித்துவிடுங்கள். அது வரும்வரை பழைய ஓ.பி. சீட்டுகள், ஸ்கேன் அறிக்கை, மருந்துச் சீட்டுகள் கைகொடுக்கும்.

அடி, பணம், பத்திரம்

1.7.2024 அன்றோ அதற்குப் பிறகோ நடந்தவற்றுக்குத்தான் பி.என்.எஸ். பொருந்தும், அதற்கு முந்தைய செயலுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே. மனுவில் பிரிவு எண் தவறினால் வழக்கு கெட்டுவிடாது. சரியான பிரிவைப் போடுவது காவல்துறையின் கடமை. ஆயினும் சரியாக எழுதியிருந்தால் மறுப்பது கடினம்.

சாதாரணக் காயம் 115(2)-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இது பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத வகை. இதை மட்டும் வைத்து எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று காவலர் சொன்னால் அது பொய் அல்ல. எலும்பு முறிவு, பல் உடைவு, நிரந்தரப் பார்வையிழப்பு போன்றவை கொடுங்காயம். 117(2)-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். தாக்குதலால் நிரந்தரமாக உடல் செயலிழந்துபோனால் 117(3)-இன்படி குறைந்தது பத்தாண்டு, ஆயுள் முழுவதும் வரை போகலாம். வயதானவர்களுக்கு எலும்பு எளிதில் முறியும். "தள்ளினேன், அவ்வளவுதான்" என்பவர்கள் கொடுங்காயப் பிரிவில் நிற்பதற்கு இதுவே காரணம். எனவே எக்ஸ்ரே எடுக்காமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள்.

பணத்தில் மிகப் பரவலாக நடப்பது, முதியோர் உதவித்தொகை அல்லது ஓய்வூதியம் வரும் கணக்கின் ஏ.டி.எம். அட்டையை வீட்டில் ஒருவர் கையில் வைத்துக்கொண்டு எடுத்துச் செலவழிப்பது. நம்பி ஒப்படைத்த அட்டை என்றால் 316-ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடி, ஐந்தாண்டு வரை. தெரியாமல் எடுத்தது என்றால் திருட்டு, 303-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை. வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு 305-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை. ஏமாற்றிச் சொத்தை எழுதி வாங்கினால் 318(4)-இல் ஏழாண்டு வரை. மிரட்டிப் பறித்தால் 308-இல் ஏழாண்டு வரை. உயிலையோ சொத்துப் பத்திரத்தையோ போலியாகத் தயாரித்தால் 338-ஆம் பிரிவு. ஆயுள் சிறை அல்லது பத்தாண்டு வரை. படுக்கையில் கிடந்தவரின் இடது பெருவிரலில் மை தடவி வெற்றுத்தாளில் உருட்டி எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அப்போது வங்கிக் கணக்கு அறிக்கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்துவிடுங்கள். எந்தத் தேதியில் எந்தப் பத்திரம் பதிவானது என்று தெரிந்துவிடும், அந்தத் தேதியில் அவர் மருத்துவமனையில் இருந்தாரா என்பதையும் ஒப்பிடலாம். தொலைபேசியில் வந்த மோசடி என்றால் முதலில் 1930-க்கு அழைப்பது அவசரம்.

ஏஜென்சி வழியாக வைத்த ஹோம் நர்ஸ் ஒப்பந்தப்படி பார்த்துக்கொள்ளாமல் வேண்டுமென்றே கைவிட்டால் 357-ஆம் பிரிவு இருக்கிறது: மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சிறிய தண்டனைதான். ஆனால் நோயாலோ உடல் தளர்வாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்காகவே எழுதப்பட்ட பிரிவு இது.

பாலியல் குற்றங்கள்

உடல் அல்லது மனக் குறைபாடுள்ள பெண் மீதான பாலியல் வல்லுறவு, பி.என்.எஸ். 64(2)-இல் தனியே குறிப்பிடப்பட்டுள்ளது: குறைந்தது பத்தாண்டுக் கடுங்காவல், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் வரை சிறை, அபராதம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், குழந்தையின் குறைபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு செய்யும் ஊடுருவும் வகைப் பாலியல் தாக்குதலுக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் குறைந்தது இருபதாண்டு. மரண தண்டனை வரைக்கும் இடம் உண்டு. போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம் என்பதை, பள்ளியிலும் காப்பகத்திலும் வேலை செய்கிறவர்கள் மறக்கக் கூடாது.

சாட்சியம் எடுபடுமா என்ற அச்சத்திலேயே பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. பார்வையற்ற பெண் ஒருவர் குற்றவாளியைக் குரலைக் கொண்டு அடையாளம் சொன்ன வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளி சாட்சியின் வாக்குமூலத்துக்கு மற்றவர் வாக்குமூலத்துக்கு நிகரான மதிப்பு உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பேச முடியாதவர் சைகையாலோ எழுதியோ சாட்சியம் சொல்லலாம். அதுவும் வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும். முதுமை மட்டுமே ஒருவரைச் சாட்சி சொல்லத் தகுதியற்றவராக்காது. கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமாகப் பதில் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

காப்பகமும் சங்கிலியும்

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோயுள்ள எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அச்சட்டத்தை மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பதிவில்லாத நிலையத்தை நடத்துவதற்குத் தனி அபராதம் உண்டு. சங்கிலி இருந்தால் அத்துடன் பி.என்.எஸ். 127-ஐயும், உணவு மறுப்பு இருந்தால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஐயும் சேர்த்துக் கேளுங்கள். ஓர் எச்சரிக்கை: தாக்கியவர் அரசு ஊழியர் என்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் வழக்கை எடுக்க அரசின் முன் அனுமதி தேவை. அத்தகைய நிலையில் பி.என்.எஸ். பிரிவுகளையும் விடாமல் மனுவில் வைத்திருப்பது பாதுகாப்பு.

மரணம் இயல்பானதா என்ற ஐயம்

விருதுநகர், மதுரை, தேனி வட்டாரங்களில் சில இடங்களில் வழங்கிவந்த தலைக்கூத்தலைப் பற்றிப் பேசும்போது, அதை ஒரு துயரமான சடங்கு என்பதுபோலச் சிலர் எழுதுகிறார்கள். படுக்கையில் கிடப்பவரை எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீரைக் குடம் குடமாகப் புகட்டிச் சாகடிப்பது பி.என்.எஸ். 103-ஆம் பிரிவின்படி கொலை: மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. ஊர் வழக்கம் என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது. ஐயம் இருந்தால் தகனத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் சொல்லி, பிரேத விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் கேட்க வேண்டும். உடல் எரிந்த பிறகு கையில் எஞ்சுவது பேச்சு மட்டுமே.

எங்கே போவது, என்ன வாங்கி வருவது

குற்றச் செயலுக்குக் காவல் நிலையம். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது, பூஜ்ஜிய எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்று இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. விவரம் தெரிந்த எவரும் புகார் தரலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும்.

மனுவைக் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவது நம் நிலையங்களின் வழக்கம். சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. மனு ஏற்கப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. வழக்குப் பதிவாகிவிட்டது என்று எண்ணி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தக் காவல்துறைக்குச் சட்டம் இடம் தருகிறது. 92-ஆம் பிரிவுப் புகாரும் இதில் வரலாம். எனவே 15-ஆம் நாள் போய்க் கேளுங்கள். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்துக்கொண்டு, அதன் பிறகும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம். கைவிட்டுச் சென்ற குற்றத்துக்குத் தண்டனை மூன்று மாதமே என்பதால், நீதிமன்றம் அதை ஓராண்டுக்குள் விசாரணைக்கு எடுத்தாக வேண்டும் என்ற கால வரம்பும் உண்டு, தாமதிக்க வேண்டாம்.

60 வயதைக் கடந்தவரையோ மாற்றுத்திறனாளியையோ சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். இது பி.என்.எஸ்.எஸ். 179. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிப் பெண்ணின் புகாரை அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சைகைமொழி பெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உடனிருக்க, வீடியோ பதிவோடு வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பாளராக வீட்டாரில் ஒருவரையே உட்கார வைப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குற்றம் நடந்துகொண்டிருக்கிறது, நடக்கப்போகிறது என்ற நிலையில் வேறொரு வாசலும் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, அந்தப் பகுதி நிர்வாக நடுவரிடம் யார் வேண்டுமானாலும், எந்தப் பதிவுபெற்ற அமைப்பும் தகவல் தரலாம். அவர் மீட்கவும், பாதுகாப்பான இடத்தில் வைக்கவும், பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடவும் முடியும். வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., அத்தகைய நிர்வாக நடுவர். அவரே 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பராமரிப்புத் தீர்ப்பாயத்துக்கும் தலைவர். மேசை ஒன்றுதான், ஆனால் மனுக்கள் இரண்டு. இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதினால் பராமரிப்பு மனுவாக மட்டும் எண் போட்டு, அவசர மீட்பைக் காத்திருக்க வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுப்பது வேகம் கூட்டும், ஆனால் எஃப்.ஐ.ஆருக்கு மாற்றாகாது.

பராமரிப்பும் சொத்தும் தனி வழியில்

"என் பிள்ளை ஜெயிலுக்குப் போக வேண்டாம், சோறு போட்டால் போதும்" என்பார்கள் பெரும்பாலான பெற்றோர். அதை மதிக்க வேண்டும். அவர்களுக்குக் கோட்டாட்சியர் தீர்ப்பாயம் ஏற்றது. மகன், மகள், பேரன், பேத்தி மீது மனு செய்யலாம். பிள்ளையில்லாதவர் தம் சொத்தை வைத்திருக்கும் அல்லது வாரிசாக அடையப்போகும் உறவினர் மீது செய்யலாம். அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத நிலையில் மேலும் 30 நாள். மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு. தரப்பினர் வழக்கறிஞர் வைத்து வாதாடுவதை 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. பெற்றோர் விரும்பினால் மாவட்ட சமூக நல அலுவலர் அவர்கள் சார்பில் பேசலாம். உத்தரவுத் தொகையைக் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை அல்லது கட்டும் வரை சிறை. ஆனால் நிலுவையான மூன்று மாதத்துக்குள் வசூல் மனு போட வேண்டும் என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். மேல்முறையீடு 60 நாளுக்குள், மாவட்ட ஆட்சியரிடம்.

பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தையோ செட்டில்மெண்ட்டையோ அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் செல்லாதென அறிவிக்கக் கேட்கலாம். பராமரிக்கும் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோருக்கு நன்மை தரும் வகையில் இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும், தீர்ப்பாயம் வீட்டைக் காலி செய்ய உத்தரவிடலாம் என்றும் சொன்னது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் பராமரிக்கும் நிபந்தனை உள்ளடங்கியதாகவே கொள்ளலாம் என்றது. புதிதாகப் பத்திரம் எழுதுகிறவர்கள் இந்த விவாதத்துக்குள் போகாமல், உணவு, இருப்பிடம், மருத்துவம் தர வேண்டும் என்ற ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது மேல். தாயோ மாமியாரோ என்றால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன்கீழ் பாதுகாப்பு உத்தரவும் பெறலாம். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வழக்கறிஞரும் இழப்பீடும்

மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் தொடர்புகொள்ளலாம். மாற்றுத்திறனாளியின் புகாரைப் பெறும் காவலரே இந்த உரிமையையும், நிர்வாக நடுவரின் விவரத்தையும், அருகிலுள்ள உதவி அமைப்பின் விவரத்தையும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(4) கட்டளையிடுகிறது. 92-ஆம் பிரிவு வழக்குகளுக்கென அமர்வு நீதிமன்றங்களைச் சிறப்பு நீதிமன்றங்களாக அறிவிக்கவும், அவற்றுக்குச் சிறப்பு அரசு வழக்கறிஞரை நியமிக்கவும் 84, 85 பிரிவுகள் வழி செய்கின்றன. உங்கள் மாவட்டத்தில் அவர் யார் என்று சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு தரும் திட்டத்துக்கு பி.என்.எஸ்.எஸ். 396-இன்கீழ் அதே ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முடியாத நிலையிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. விண்ணப்பத்தோடு எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, சிகிச்சைச் செலவு ரசீதுகள், மாற்றுத்திறன் சான்றிதழ் ஆகியவற்றை இணையுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிப்பதும் விசாரணை அதிகாரியின் கடமை. அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, தகவல் வராவிட்டால் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.